பேங்க் ஏல வீடு: நடுவில் நிற்கும் புரோக்கர் யாருடைய ஆள், கமிஷன் எதற்கு?



"பந்தல்குடி, மெயின் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரம். 3 சென்ட், மாடி வீடு. பேங்க் ஏலம். 21 லட்சம் மட்டும். எங்கள் மூலமாக மட்டுமே. கமிஷன் 2%, டாக்குமென்ட் செலவு தனி."

இந்த மாதிரி வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். ஊர் பெயர் மட்டும் அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி என்று மாறும். இதில் விலை உண்மையாக இருக்கலாம், சென்ட் கணக்கும் சரியாக இருக்கலாம். "எங்கள் மூலமாக மட்டுமே" என்ற மூன்று வார்த்தை மட்டும் பொய். இந்தப் பதிவு அந்த மூன்று வார்த்தையைப் பற்றியதுதான். ஏலத்தில் பணம் கட்டுவது எப்படி என்று நம்ம சேனலில் ஏற்கெனவே வீடியோ இருப்பதால், அதை இங்கே திரும்பச் சொல்லப் போவதில்லை.

பேங்க் பக்கம் புரோக்கர் என்று ஒருவர் கிடையாது

வீட்டுக் கடனோ, வீட்டை அடமானம் வைத்து வாங்கிய தொழில் கடனோ வராக்கடன் ஆகிவிட்டால், பேங்க் கோர்ட்டுக்குப் போகாமலே அந்தச் சொத்தை விற்கலாம். 2002ஆம் ஆண்டு வந்த சர்ஃபாசி சட்டம் அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. விற்பவர் யார் என்றால், பேங்க் நியமித்த "அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி". அவர் பேங்க்கிலேயே வேலை பார்க்கும் ஆபீசர். ஒப்புதல் பெற்ற மதிப்பீட்டாளரிடம் விலை கேட்டு, அடிப்படை விலையை நிர்ணயிப்பது அவர். ஏல அறிவிப்பில் கையெழுத்துப் போடுவதும், கடைசியில் விற்பனைச் சான்றிதழ் கொடுப்பதும் அவரே.

எப்படி விற்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. கொட்டேஷன் வாங்கி விற்கலாம், டெண்டர் விடலாம், பொது ஏலம் விடலாம், அல்லது நேரடிப் பேச்சுவார்த்தையில் விற்கலாம். 2016 திருத்தத்தில் பொது ஏலத்தோடு "இ-ஏலம்" என்பதும் சேர்ந்தது. இந்த நான்கு வழியிலும் "வாங்குபவர் புரோக்கர் மூலமாக வர வேண்டும்" என்று எங்கேயும் இல்லை. ஏல அறிவிப்பில் அடிப்படை விலை, முன்வைப்புத் தொகையான இஎம்டி, சொத்தைப் பார்க்கும் நாள், அதிகாரியின் போன் நம்பர் எல்லாம் இருக்கும். கமிஷன் என்று ஒரு வரி இருக்காது. இருந்தால் அது பேங்க் அறிவிப்பு இல்லை, யாரோ டைப் செய்த அறிவிப்பு.

அப்படியென்றால் இத்தனை வருஷம் புரோக்கர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்? தகவலை வைத்து. ஏல அறிவிப்பு இரண்டு பேப்பரில் வரும், அதில் ஒன்று வட்டார மொழிப் பேப்பர். அந்தப் பேப்பரை அன்றைக்கு நீங்கள் வாங்கியிருக்க வேண்டும், பொடி எழுத்தில் இருக்கும் சர்வே நம்பரை உங்கள் ஊர்தான் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்யும் ஆள் புரோக்கர். பேங்க் கிளையில் நாற்காலி போட்டு ஏலம் நடந்த காலத்தில், யார் யார் வருகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். "நீங்க இதுக்கு வராதீங்க, அடுத்ததை உங்களுக்கு விட்டுடுறோம்" என்று உள்ளுக்குள் பேசி முடிப்பதும் சில இடங்களில் நடக்கும்.

அந்த வேலை இப்போது கரைந்துவிட்டது. பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை ஒரே இடத்தில் காட்ட 2019 டிசம்பரில் இ-பிக்ரய் தளம் வந்தது. 2025 ஜனவரி 3 அன்று அதைப் புதுப்பித்து "பேங்க்நெட்" என்ற பெயரில் மத்திய நிதிச் சேவைகள் துறை தொடங்கி வைத்தது. 12 பொதுத்துறை வங்கிகளும் இதில் இருக்கின்றன. தொடங்கியபோதே 1,22,500க்கும் மேற்பட்ட சொத்துகளை இதில் ஏற்றியிருந்தார்கள். மாவட்டத்தைத் தேர்வு செய்து விருதுநகர் என்று போட்டால் பட்டியல் வந்துவிடும். தனியார் வங்கிகளும் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிகளும் தங்கள் வெப்சைட்டிலோ, இ-ஏலம் நடத்தித் தரும் நிறுவனங்களின் தளங்களிலோ போடுகிறார்கள். லிஸ்டிங் வேலையை இப்போது செய்வது இந்தத் தளங்கள்தான். அதற்கு வாங்குபவர் கமிஷன் தர வேண்டியதில்லை.

அப்போ புரோக்கரே வேண்டாமா?

அப்படிச் சொல்ல மாட்டேன். ஏலச் சொத்து "உள்ளது உள்ளபடி, உள்ள நிலையில்" என்றுதான் விற்பனைக்கு வரும். வாங்கிய பிறகு "சுவர் விரிசல் விட்டிருக்கே" என்று பேங்க்கிடம் போய் நிற்க முடியாது. வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், பேங்க் எடுத்திருப்பது நிஜமான சுவாதீனமா அல்லது கதவில் நோட்டீஸ் ஒட்டிய காகிதச் சுவாதீனமா, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்கு ஏதாவது ஓடுகிறதா, வாசல் பாதை பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவில் போகிறதா, இதெல்லாம் எந்தப் போர்ட்டலும் சொல்லாது. அந்தத் தெருவில் நாலு பேரைத் தெரிந்த ஒருவர் அரை நாளில் விசாரித்துவிடுவார். அந்த வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம்.

சதவீதக் கமிஷன்தான் எனக்கு உறுத்துகிறது. 2% வாங்குகிறவருக்கு நீங்கள் 21 லட்சத்துக்கு எடுத்தால் 42,000 கிடைக்கும். 25 லட்சத்துக்கு எடுத்தால் 50,000. நீங்கள் எடுக்காமல் விட்டால் ஒன்றும் கிடையாது. ஆக, "இந்த வீட்டில் வில்லங்கம் இருக்கு சார், விட்டுடுங்க" என்று சொல்வதால் நஷ்டப்படப் போகிற ஒரே ஆள் அவர்தான். உங்களுக்குத் தேவையான நேர்மையான பதிலுக்கு அபராதம் போடுகிற கூலி முறை அது. அதனால் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது, விசாரணைக்கு ஒரு நிலையான தொகை பேசுங்கள். 5,000 ஆகட்டும், 10,000 ஆகட்டும், நீங்கள் ஏலம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது அவருக்கு.

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே பேங்க் கைப்பற்றிய வீட்டை விற்க பேங்க்கே ஒரு லிஸ்டிங் ஏஜென்ட்டை வைக்கும். விற்ற விலையிலிருந்து அவருக்குக் கமிஷன் போகும், வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கும் அதிலேயே பங்கு கொடுப்பது நீண்டநாள் வழக்கம். அந்த ஏற்பாடு வழக்காகி, 2024 மார்ச்சில் அங்குள்ள ரியல்டர் சங்கம் 41.8 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. 2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவரின் ஏஜென்ட்டுக்கு இவ்வளவு என்று ஏஜென்ட்டுகளின் பொதுப் பட்டியலில் போடக் கூடாது. வீட்டைச் சுற்றிக் காட்டுவதற்கு முன்பே, கமிஷன் எவ்வளவு என்று எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும்.

நம்ம ஊரில் அப்படி எழுத்தில் போடச் சொல்லி எந்த விதியும் இந்த வீடுகளுக்கு இல்லை. "நான் ரெரா ரிஜிஸ்டர்டு ஏஜென்ட்" என்று கார்டு காட்டுவார்கள். ரெரா சட்டத்தின் 9வது பிரிவு, பதிவு செய்த மனைப் பிரிவு, அபார்ட்மென்ட் போன்ற புராஜெக்டுகளில் விற்பனை செய்து தருபவர்களுக்கானது. ஏலத்துக்கு வரும் தனி வீட்டுக்கு அந்தக் கார்டால் உங்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அதனால் ஒரு வெள்ளைத்தாளில் நீங்களே எழுதி வாங்குங்கள்: "இந்த முகவரியில் உள்ள வீட்டைப் பற்றி வில்லங்கம், சுவாதீனம், வரி, மின் பாக்கி ஆகியவற்றை விசாரித்துச் சொல்வதற்கு ரூ. இவ்வளவு. இது தவிர வேறு தொகை இல்லை. விற்பவர், பேங்க் அல்லது வேறு யாரிடமும் இந்தச் சொத்துக்காக நான் பணம் பெறவில்லை." கடைசி வாக்கியத்துக்குக் கையெழுத்துப் போடத் தயங்கினால், அவர் யாருடைய ஆள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இஎம்டி பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். அது உங்கள் அக்கவுண்ட்டிலிருந்து நேராகப் போக வேண்டும், லாகின் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஏலம் உங்களுக்கு விழுந்தால், இஎம்டியையும் சேர்த்து 25% தொகையை அன்றைக்கோ அடுத்த வேலை நாளிலோ கட்ட வேண்டும். மீதி 75% விற்பனை உறுதியான 15 நாளுக்குள். பேங்க் எழுத்தில் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம். "லோன் நான் பார்த்துத் தர்றேன்" என்று சொன்னவரை நம்பி இந்தக் கெடுவைத் தவறவிட்டால் 25% முழுவதும் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சென்ட்ரல் பேங்க் வழக்கில், கட்டிய 25% முழுவதையும் பேங்க் எடுத்துக்கொண்டது சரி என்று 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 21 லட்சம் வீட்டுக்கு அது 5,25,000.

பழைய மின் பாக்கியையும் விடாதீர்கள். பழைய ஓனர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று மின் வாரிய விதி இருந்தால் அது செல்லும் என்று 2023 மே மாதம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. "ஆளை நாங்க காலி பண்ணித் தர்றோம்" என்ற பேக்கேஜுக்கு மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். காலி செய்வது பேங்க், 14வது பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவரிடம் மனுப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை.

வீட்டை இழக்கப் போகிறவருக்கு

இதுவரை சொன்னது வாங்குபவருக்கு. ஆனால் ஒவ்வொரு ஏல அறிவிப்புக்குப் பின்னாலும் லாரிக்கோ, தறிக்கோ, மளிகைக் கடைக்கோ வீட்டை அடமானம் வைத்த ஒரு குடும்பம் இருக்கிறது. புரோக்கர் கமிஷன் என்பது உண்மையிலேயே பிரயோஜனமான செலவாக மாறுவது இவர்களுக்குத்தான். ஆனால் இவர்கள்தான் "இந்த நிலைமையில புரோக்கருக்கு வேற 50,000 தரணுமா" என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். மார்க்கெட்டில் 26 லட்சம் போகும் வீடு, பாக்கி 14 லட்சம். தவணை நின்ற மூன்று நான்கு மாதத்திலேயே முடிவெடுத்து, அவசரத்துக்கு 25 லட்சத்துக்கு விற்கிறீர்கள். அதற்குள் பாக்கி 14,40,000 ஆகியிருக்கும். கமிஷன் 2% என்றால் 50,000. கையில் நிற்பது 10,10,000.

இதே வீடு ஒரு வருஷம் கழித்து ஏலத்தில் 21,50,000க்குப் போகிறது என்று வையுங்கள். வட்டி, அபராதக் கட்டணம் சேர்ந்து பாக்கி 16 லட்சம். மதிப்பீட்டாளர், பேப்பர் விளம்பரம், 14வது பிரிவு மனுச் செலவு, வாட்ச்மேன், ஏலம் நடத்தும் நிறுவனம் என்று 70,000. கையில் வருவது 4,80,000. இரண்டுக்கும் வித்தியாசம் 5,30,000. புரோக்கருக்குத் தர மனசு வராத 50,000 இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

அந்த 70,000ஐ யார் கட்டுவது என்று பலர் கேட்பதே இல்லை. 13(7) பிரிவின்படி ஏலப் பணத்தில் முதலில் பேங்க் செய்த செலவைக் கழிப்பார்கள், அடுத்து பாக்கியை, மிச்சம் இருந்தால் உங்களுக்கு. பேங்க் தன் ஏஜென்சிகளுக்குக் கொடுத்த கூலியும் செலவுக் கணக்கில் ஏறினால் உங்கள் மிச்சத்திலிருந்துதான் போகும். அதனால் ஏலம் முடிந்ததும் செலவுப் பட்டியலை பில்லோடு எழுத்தில் கேளுங்கள். "முறையாகச் செய்த செலவு" மட்டும்தான் கழிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது.

காலக்கெடுதான் இதில் உயிர். தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வராக்கடன். பிறகு 13(2) நோட்டீஸ், அதற்கு 60 நாள். ஆக முதல் தவணை நின்றதிலிருந்து குறைந்தது ஐந்து மாதம் உங்கள் கையில் இருக்கிறது. இந்த ஐந்து மாதத்தில் விற்பதும் ஏல அறிவிப்புக்குப் பிறகு ஓடுவதும் ஒன்றல்ல. முன்பெல்லாம் விற்பனை முடியும்வரை முழுப் பாக்கியையும் கட்டி வீட்டை மீட்கலாம். 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் தேதியோடு அந்த உரிமை முடிந்துவிடுகிறது. 2023 செப்டம்பர் 21 அன்று சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொன்னது, 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலும் மறுபடி சொன்னது. பேப்பரில் வந்த பிறகு பணத்தோடு வரும் மாமனாரை "வாங்க" என்று வரவேற்க வேண்டிய கட்டாயம் பேங்க்குக்கு இல்லை.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. 13(2) நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு, பேங்க்கின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று 13(13) சொல்கிறது. "ஒரு லட்சம் அட்வான்ஸ் வாங்கிக்குவோம், பேங்க்கை அப்புறம் பார்த்துக்கலாம்ணே" என்று புரோக்கர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு முதலில் கிளைக்குப் போங்கள். இந்த விலைக்கு இவர் வாங்குகிறார், பணம் நேராகக் கடன் கணக்குக்கு வரும், மூலப் பத்திரத்தைக் கொடுத்து அடமானப் பதிவை ரத்து செய்யுங்கள் என்று கடிதம் கொடுத்து, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். கமிஷன் பத்திரப் பதிவு நாளில் மட்டும் என்று பேசுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் புரோக்கர் பெயருக்கு பவர் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பேங்க்கே நேரடிப் பேச்சுவார்த்தையில் யாருக்காவது விற்கப் பார்த்தாலும் உங்களைக் கேட்காமல் முடிக்க முடியாது. அப்படி நடந்த ஒரு தமிழ்நாட்டு விற்பனையை 2014ல் சுப்ரீம் கோர்ட் செல்லாது என்றது. அடிப்படை விலைக்குக் கீழே விற்கவும் உங்கள் சம்மதம் வேண்டும். நடைமுறை தப்பியிருந்தால் 45 நாளுக்குள் மதுரை கடன் வசூல் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும்.

பந்தல்குடி, திருச்சுழி பக்கம் அடிக்கடி வரும் கேள்வி கரிசல் நிலம் பற்றியது. விவசாய நிலத்தின் மேல் உள்ள அடமானத்துக்கு சர்ஃபாசி பொருந்தாது, 31வது பிரிவு அதை விலக்கி வைத்திருக்கிறது. ஆனால் சிட்டாவில் புஞ்சை என்று இருப்பது மட்டும் போதாது. நிஜமாகவே உழுது விதைக்கிற நிலமா என்று கோர்ட் பார்க்கும். கருவேல முள் மண்டி பத்து வருஷம் கிடக்கிற காட்டை "மிளகாய் போடுற நிலம்" என்று நிரூபிப்பது சுலபமில்லை. பயிர் வைக்கிறவர்கள் அடங்கலில் ஒவ்வொரு வருஷமும் பயிரை ஏற்றிவிடுங்கள்.

பில் வாங்குங்க, ரெண்டு பேரும்

ஆடிட்டராக ஒன்று சொல்லாமல் முடித்தால் சரிவராது. ஏலத்தில் போனாலும், வருமான வரிக்கு வீட்டை விற்றவர் நீங்கள்தான், பேங்க் இல்லை. மூலதன ஆதாயத்தை உங்கள் ரிட்டர்னில் காட்ட வேண்டும். "பணமெல்லாம் பேங்க் எடுத்துக்கிட்டாங்களே, எனக்கு என்ன லாபம்" என்பது செல்லாது. நீங்களே வைத்த அடமானத்தைத் தீர்த்த தொகையைக் கழிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2001லேயே சொல்லியாயிற்று. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், 12.5% கணக்கு, இன்டெக்சேஷனோடு 20% கணக்கு இரண்டையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் கைகொடுக்கும், சிலருக்கு வரியே வராது. ஆனாலும் கணக்குக் காட்ட வேண்டும்.

நீங்களே விற்றபோது கொடுத்த புரோக்கர் கமிஷன், விற்பனைச் செலவாக ஆதாயத்திலிருந்து கழியும். வாங்குபவருக்கு அது வாங்கிய விலையோடு சேரும், நாளைக்கு விற்கும்போது உதவும். இரண்டுக்கும் ரசீதும் பேங்க் வழியாகக் கொடுத்த சாட்சியும் வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்த 50,000க்கு எந்த ஆபீசரும் தலையாட்ட மாட்டார். கமிஷனுக்கு மேல் 18% ஜிஎஸ்டி கேட்டால் ஜிஎஸ்டி நம்பரோடு பில் கேளுங்கள். நம்பர் இல்லாதவர் அந்த 18%ஐ வசூலிக்கக் கூடாது.

13(2) நோட்டீஸ் வந்தவர்கள், அந்த 60 நாளுக்குள் 13(3ஏ) பிரிவில் பேங்க்குக்கு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். பேங்க் 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது, விற்பனைக்குச் சம்மதம் கேட்பதையும் அதிலேயே எப்படிச் சேர்ப்பது என்பதை மாதிரிக் கடிதத்தோடு அடுத்த வீடியோவில் பார்ப்போம்.